யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் எனக்கொரு வீடு

எனக்கு ஷெல் அக்கவுண்ட் கிடைத்துவிட்டது! இதை மயிலாப்பூரில் யாரிடம் சொன்னாலும் "அப்படியா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய் பொறுக்கப் போய்விடுகிறார்கள். லஸ் கார்னரில் காபிப்பொடி அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றபோது பக்கத்தில் நின்ற பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். வீட்டில் கேட்கவே வேண்டாம். ஆகையால் இப்போது நீங்கள் மாட்டினீர்கள். உட்காருங்கள், முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். உலகத்தில் சில பேர் இருக்கிறார்கள். சொந்தக் காசில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி அல்லது வாடகைக்குப் பிடித்து, அதில் லினக்ஸோ யூனிக்ஸ் குடும்பத்தில் வேறெதுவோ போட்டு, ராப்பகலாக ஓடவிட்டு, "யார் வேண்டுமானாலும் வாங்க, உங்களுக்கு ஒரு பெயர் தருகிறோம், உள்ளே உங்களுக்கென்று ஒரு இடம் தருகிறோம், நீங்கள் இருக்கிற ஊரிலிருந்தே அதில் வேலை செய்யுங்க" என்கிறார்கள். விளம்பரம் கிடையாது, மாதச் சந்தா கிடையாது, உங்கள் ஆதார் எண்ணோ பிறந்தநாளோ வேண்டாம். அந்த இடம்தான் ஷெல் அக்கவுண்ட். இப்படிப்பட்ட கம்ப்யூட்டரைப் பப்நிக்ஸ் என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட யூனிக்ஸ். ஐகான் இல்லை, மவுஸ் இல்லை, படம் இல்லை. கறுப்புத் திரை, அதில் ஒரு டாலர் குறி, பக்கத்தில் மினுக் மினுக்கென்று கர்சர். அவ்வளவேதான். அந்த அவ்வளவில்தான் நான் விழுந்துவிட்டேன்.

இது ஏதோ நேற்று முளைத்த விளையாட்டு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் 1983-லேயே எம்-நெட் என்று ஒன்று வந்துவிட்டது. போன் லைன் வழியாக யார் வேண்டுமானாலும் நுழைய முடிந்தது. 1987-ல் டெக்சாஸில் டெட் ஊலெமன் என்பவர் ஓர் ஆப்பிள் டூ-ஈ கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஜப்பானிய அனிமே ரசிகர்கள் பேசிக்கொள்ள ஒரு அறிவிப்புப் பலகை ஆரம்பித்தார். மாக்ரோஸ் தொடரில் வருகிற ராட்சத விண்கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார்: சூப்பர் டைமென்ஷன் ஃபோர்ட்ரஸ், சுருக்கமாக எஸ்.டி.எஃப். கார்ட்டூன் ரசிகர்கள் கூடிய அந்தத் திண்ணை யூனிக்ஸுக்கு மாறி, 2000-ல் நெட்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகைக்குத் தாவி, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது! எத்தனை பெரிய கம்பெனிகள் நடுவில் வந்து, மின்னி, கடையைக் கட்டிக்கொண்டு போயின, யோசித்துப் பாருங்கள். இது மட்டும் அசையவில்லை. அப்புறம் 2014-ல் பால் ஃபோர்ட் என்ற எழுத்தாளர், நாலு பேரோடு சேர்ந்து விளையாடலாமே என்று அமேசானில் ஒரு மலிவான சர்வரை வாடகைக்கு எடுத்து டில்டே கிளப் என்று பெயர் வைத்து ட்விட்டரில் ஒரு வரி போட்டார். நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்து வாசலில் நின்றுவிட்டார்கள். அதைப் பார்த்து டில்டே டவுன், டில்டே டீம் என்று வரிசையாகக் கிளம்பி, இன்றைக்கு டில்டேவெர்ஸ் என்று ஒரு கூட்டமே இருக்கிறது.

டில்டே என்பது கீபோர்டில் இடதுபக்க மூலையில் யாரும் தொடாமல் கிடக்கிற அந்த ~ நெளிவுதான். யூனிக்ஸில் அதற்கு 'என் வீடு' என்று அர்த்தம். ஏன் தெரியுமா? எழுபதுகளில் வந்த ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில் 'ஹோம்' என்ற வார்த்தையும் இந்த நெளிவும் ஒரே சாவியில் அச்சாகியிருந்தன. அதே டெர்மினலில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் எழுத்துகளின் மேல் இருந்ததால்தான் இன்றைக்கும் விஐ எடிட்டரில் அந்த நாலு எழுத்தை வைத்து மேலும் கீழும் நகர்கிறோம். இதைத் தெரிந்துகொண்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்புங்கள், இந்த வயதில்!

சரி, அந்தக் கணத்துக்கு வருகிறேன். விண்ணப்பம் ரொம்ப எளிது: உங்களுக்குப் பிடித்த பயனர் பெயர், ஒரு மின்னஞ்சல், எதற்காக வருகிறீர்கள் என்று இரண்டு வரி, உங்கள் பொதுச் சாவி. இந்தச் சாவியைச் செய்வதே ஒரு சடங்கு. எஸ்எஸ்எச்-கீஜென் என்று தட்டினால் உங்கள் கம்ப்யூட்டர் இரண்டு சாவி செய்து கொடுக்கும். ஒன்று ரகசியம், செத்தாலும் யாரிடமும் கொடுக்கக் கூடாது. இன்னொன்றை ஊருக்கே காட்டலாம். இந்த ஊர்ச் சாவி ஒரே ஒரு நீளமான வரி. முதலில் சாவி வகையின் பெயர், பிறகு வரிசையாக நாலு 'ஏ', அப்புறம் 'சி3' என்று மந்திரம் மாதிரி போகும். அதை விண்ணப்பத்தில் ஒட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் மெஷின் கிடையாது, மனுஷன்! வேலைக்குப் போய்விட்டு வந்து, குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டு, நேரம் கிடைக்கும்போது உங்கள் இரண்டு வரியைப் படித்துப் பார்த்து, சரி வரட்டும் என்று சொல்கிற ஒரு தன்னார்வலர். நான் எழுதிய இரண்டு வரி என்ன தெரியுமா? 'நான் சென்னை மயிலாப்பூரில் இருக்கிறேன். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.' பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

பதில் வந்தது. இப்போது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கற்பனை பண்ணுங்கள். ராத்திரி பதினொன்று தாண்டிவிட்டது, மாடவீதியில் கடைசிப் பூக்கடைக்காரம்மா தண்ணீர் தெளித்துக் கூடையை மூடிவிட்டாள், எங்கேயோ ஒரு ஆட்டோ உறுமிவிட்டு அடங்குகிறது, ஃபேன் காற்றில் காலண்டர் படபடக்கிறது, நான் பனியனோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்து எஸ்எஸ்எச் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, என் பெயரை அடித்து, அட் குறி போட்டு, அந்தக் கம்ப்யூட்டரின் முகவரியை அடித்து என்டரைத் தட்டுகிறேன், ஒரு நொடி ஒன்றுமே இல்லை, அப்புறம் 'இந்தக் கம்ப்யூட்டரை எனக்கு முன்பின் தெரியாது, தொடரலாமா' என்று என் லேப்டாப் கேட்கிறது, நான் 'யெஸ்' என்கிறேன், விரல் நடுங்குகிறது சத்தியமாக, என் சாவி போட்ட கையெழுத்து இங்கிருந்து கிளம்பி, சென்னைக் கடற்கரையில் இறங்குகிற கடலடிக் கேபிளுக்குள் புகுந்து, அடியில் மீன் நீந்துகிற இருட்டில் ஓடி, கடல் தாண்டி நாடு தாண்டி, எந்த ஊர் என்றே தெரியாத ஒரு அறையில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பெட்டியின் கதவைத் தட்டி, அது திறந்து, திரையில் கோடும் புள்ளியுமாக எழுத்தாலேயே வரைந்த ஒரு பெரிய வரவேற்புப் பலகை மளமளவென்று விழுந்து, அதற்குக் கீழே என் பெயர், அட் குறி, அந்தக் கம்ப்யூட்டரின் பெயர், ஒரு நெளிவு, ஒரு டாலர் குறி. நெளிவு! என் வீடு! எழுந்து நின்றுவிட்டேன். கைதட்டினேன் என்றுகூட நினைக்கிறேன். உள்ளறையிலிருந்து "என்ன ஆச்சு? யாராவது விக்கெட்டா?" என்று குரல் வந்தது. "இல்ல, ஷெல் கிடைச்சிடுச்சு" என்றேன். லைட்டை அணைக்கச் சொல்லிப் பதில் வந்தது.

இந்தப் பைத்தியம் எனக்கு எங்கே பிடித்தது என்றால், தொண்ணூறுகளில் சென்னையில் மாணவனாக இருந்த பலருக்கும் பிடித்த இடத்தில்தான். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதுவரை ஐஐடி மெட்ராஸ் மாதிரி எர்நெட்டில் இருந்த சில நிறுவனங்களுக்குள் இருந்தவர்களுக்குத்தான் அந்த பாக்கியம். படத்தோடு, நெட்ஸ்கேப்போடு முழு இணைப்பு வேண்டுமென்றால் தனிநபருக்கு வருஷத்துக்கு 15,000 ரூபாய். யாரிடம் இருந்தது? மாணவர்களுக்கென்று 500 ரூபாயில் ஒன்று வந்தது பாருங்கள், அதுதான் ஷெல் அக்கவுண்ட். வெறும் எழுத்து! சேப்பாக்கம் பக்கம் சுவாமி சிவானந்தா சாலையில் இருந்த விஎஸ்என்எல் அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் நீங்கள் இருக்கிறீர்கள், உங்கள் வீட்டில் இருப்பது வெறும் திரையும் மோடமும்தான். லிங்க்ஸ் பிரவுசரில் இணையம் முழுக்க எழுத்தாகவே வரும், பைன் மென்பொருளில் மெயில். மெயில் முகவரியில் அட் குறிக்குப் பிறகு 'கியாஸ்எம்டி01' என்று இருக்கும். எம்டி என்றால் மெட்ராஸ். 1996-ல் ஊர்ப் பெயர் சென்னை என்று மாறிய பிறகும் எங்கள் முகவரியில் மெட்ராஸ் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது.

மோடம் சத்தம் ஞாபகம் இருக்கிறதா? டயல் டோன், டக டக டக, அப்புறம் ஒரு கீச்சு, ஒரு கரகரப்பு, இரண்டு பக்கமும் கத்திக்கத்திச் சண்டை போட்டு, சட்டென்று அமைதி. அந்த அமைதியில் உடம்பு சிலிர்க்கும். "டேய், போன் ஏன்டா கத்துது, பெரியம்மா கூப்பிடறேன்னு சொன்னாளே" என்று அம்மா ரிசீவரை எடுத்தால் போச்சு, அத்தனையும் அறுந்துவிடும். கெட்டிக்காரப் பையன்கள் ஸ்லர்ப் என்றும் டியா என்றும் குட்டி மென்பொருளை உள்ளே ஏற்றி, ஷெல் அக்கவுண்டையே முழு இணைப்பு மாதிரி நடிக்கவைத்து நெட்ஸ்கேப்பில் படம் பார்த்தார்கள். எனக்கு என்னவோ படம் பார்க்கத் தோன்றவில்லை. அந்த டாலர் குறியே போதுமாக இருந்தது.

அப்புறம் ஒரு பொருத்தம் பாருங்கள். அதே 1995-ல், ஜூலையில், பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தத்து யூலோனென் என்பவர், நான் உள்ளே நுழையத் தட்டினேனே, அந்த எஸ்எஸ்எச்சை வெளியிட்டார். அங்கே யாரோ நெட்வொர்க்கில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிற பாஸ்வேர்டை எல்லாம் திருடிவிட்டார்கள். அதுவரை இப்படி நுழையப் பயன்பட்ட டெல்நெட்டில் பாஸ்வேர்டு பச்சையாகப் போகும், நடுவில் நிற்கிறவன் படித்துவிடலாம். அந்தக் கோபத்தில் மனிதர் புது வழியையே எழுதி, இலவசமாகக் கொடுத்துவிட்டார். நமக்கு இணையம் கிடைத்ததற்கு ஒரு மாதம் முன்பு! நான் இன்றைக்கு மயிலாப்பூரிலிருந்து பயமில்லாமல் கடல் தாண்டிப் போய் வருகிறேன் என்றால் அந்தப் புண்ணியவானால்தான்.

உள்ளே போனால் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆட்கள் இருக்கிறார்கள்! அதுதான் ரகசியமே. அடையாறில் இருக்கிற என் அண்ணன் பையன் மென்பொருள்காரன், அவன் சொன்னான்: "சித்தப்பா, மாசம் சில நூறு ரூபாய்க்கு உங்களுக்குன்னே தனி சர்வர் எடுக்கலாமே, எதுக்கு இன்னொருத்தர் மெஷின்ல போய்..." தனி சர்வரில் 'ஹூ' என்று தட்டினால் யார் வருவார்கள்? நான் மட்டும்தானே வருவேன்! இங்கே 'ஹூ' என்று தட்டினால் வரிசையாகப் பெயர்கள் விழும், அத்தனை பேரும் இந்த நொடி என்னோடு ஒரே கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். 'டபிள்யூ' என்று ஒற்றை எழுத்தைத் தட்டினால் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்றுகூடத் தெரியும்: ஒருத்தர் மெயில் படிக்கிறார், ஒருத்தர் ஏதோ எழுதுகிறார், ஒருத்தர் மூன்று நாளாகச் சாவியைத் தொடவே இல்லை. 'ஃபிங்கர்' என்று போட்டு ஒருவர் பெயரைக் கொடுத்தால், அவர் தன் பிளான் கோப்பில் எழுதிவைத்தது வரும். 1971-ல் ஸ்டான்ஃபோர்டில் லெஸ் எர்னஸ்ட் எழுதிய கட்டளை அது. ஸ்டேட்டஸ் போடுகிற பழக்கத்துக்கே கொள்ளுத்தாத்தா. யாரோ ஒருவர் 'தோட்டத்தில் தக்காளி காய்க்கவில்லை' என்று எழுதி வைத்திருந்தார். அவரை எனக்குத் தெரியாது, அவர் தக்காளிக்காக நான் ஒரு வாரம் கவலைப்பட்டேன்.

ஆனால் 'டாக்' இருக்கிறதே, டாக்! திரை இரண்டாகப் பிளக்கும், மேலே நான், கீழே அவர். நாம் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அடிக்க அடிக்க அந்தப் பக்கம் தெரியும். என்டர் தட்டும்வரை ஒளித்து வைக்கிற வாட்ஸ்அப் வேலையெல்லாம் கிடையாது. அவர் யோசிக்கிறது தெரியும், தப்பாக அடித்துப் பின்னால் போய் அழிப்பது தெரியும், ஒரு வார்த்தையைத் தொடங்கிப் பாதியில் நிறுத்துவது தெரியும். முதல் தடவை பேசியவர் போர்ச்சுகலில் ஒரு பள்ளி ஆசிரியர். "அங்கே மணி என்ன" என்று கேட்டார். "நள்ளிரவு, மழை" என்றேன். "இங்கே வெயில்" என்று அடித்து, நிறுத்தி, 'வெயில்' என்பதை அழித்து, "மாலை வெயில்" என்று திருத்தினார். அந்தத் திருத்தத்தைக் கண்ணால் பார்த்தேன்! ஒரு மனிதன் வார்த்தை தேடுவதை ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்து நேரில் பார்ப்பதற்கு எவ்வளவு கொடுக்கலாம் சொல்லுங்கள்?

எஸ்.டி.எஃப்-பில் 'காம்' என்று ஒரு அரட்டை மண்டபம். அதற்குள் ஸ்பேஸ் பாரைத் தட்டினால்தான் பேச முடியும், பேசி முடித்து என்டர் தட்டினால் மறுபடி வேடிக்கை பார்க்கலாம். கோஃபர் என்று 1991-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த, எல்லோரும் செத்துவிட்டதாக நினைக்கிற, எழுத்து மட்டுமான ஒரு இணையம் அங்கே சௌக்கியமாக உயிரோடு இருக்கிறது, அதில் ஆட்கள் தினம் டைரி எழுதுகிறார்கள். 'கேல் 9 1752' என்று தட்டிப் பாருங்கள்: செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14 என்று வரும், பதினோரு நாளைக் காணோம்! பிரிட்டன் பழைய காலண்டரை விட்டுப் புதுக் காலண்டருக்கு மாறிய மாதம் அது. யூனிக்ஸ் அதை இன்னும் மறக்கவில்லை. நான் இதை வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் காட்டுகிறேன். கேஸ் சிலிண்டர் போட வந்த தம்பி உட்பட.

அப்புறம் 29சி பஸ். பெசன்ட் நகரில் ஏறி ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டதா, போனை எடுக்கிறேன். டெர்மக்ஸ் என்ற இலவசச் செயலியில் மோஷ் போட்டு வைத்திருக்கிறேன். எஸ்எஸ்எச் மாதிரியே உள்ளே நுழைய உதவுகிற மோஷ் 2012-ல் எம்ஐடியில் வந்தது. சிக்னல் போனாலும், வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பு அறுகாது, நாம் அடிக்கிற எழுத்தை அந்தப் பக்கத்துப் பதிலுக்குக் காத்திராமல் தானே ஊகித்துத் திரையில் காட்டிவிடும். சென்னையிலிருந்து அமெரிக்கா போய்த் திரும்ப ஏறக்குறைய கால் நொடி ஆகும், மோஷில் அது தெரியவே தெரியாது. அடையாறு பாலம் தாண்டும்போது ஆற்று நாற்றம் மூக்கில் ஏறுகிறது, கண்டக்டர் "உள்ள போங்க சார், உள்ள போங்க" என்று விசிலடிக்கிறார், பக்கத்து சீட்டுப் பெண்மணி என் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டுப் பையை மடியோடு இறுக்கிக்கொள்கிறார், நான் பாட்டுக்கு வேறொரு கண்டத்தில் ஒரு கோப்பை எடிட் பண்ணிக்கொண்டிருக்கிறேன்! மந்தைவெளியில் ஒரு வரி, லஸ்ஸில் ஒரு வரி. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன், அதை எல்லாம் நான் நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போது நடந்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. மழை கொட்டுகிறது, நான் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற டிமக்ஸ் என்ற மென்பொருளுக்குள் ஒரு கட்டுரையை அடித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு வார்த்தையின் நடுவில் பட்டென்று கரண்ட் போய்விட்டது. அப்புறம் இருட்டு, மெழுகுவர்த்தி, தெருவில் தண்ணீர், செத்துப்போன போன். ஊர் தேறி, கரண்ட் வந்து, லேப்டாப்பை உயிர்ப்பித்து மறுபடி நுழைந்து 'டிமக்ஸ் அட்டாச்' என்று அடிக்கிறேன். அதே பக்கம். அதே வரி. அதே அரைகுறை வார்த்தை, அதன் நுனியில் கர்சர் மினுக்கிக்கொண்டு எனக்காக நிற்கிறது! இங்கே ஊரே முழங்காலளவு தண்ணீரில் நின்ற நேரமெல்லாம் அது அங்கே ஒரு எழுத்து நகராமல் காத்திருந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்தால் சிரியுங்கள்.

தமிழுக்கு வருகிறேன், இது இன்னும் பெரிய கூத்து. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறதல்லவா, அதுவும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து கொடுத்த சொத்துதான். அதன் முதல் நூலான திருக்குறளை என் டைரக்டரிக்குள் இறக்கிக்கொண்டேன். 'கிரெப்' கட்டளையில் தமிழில் 'மழை' என்று கொடுத்துத் தட்டினேன். சரசரவென்று வரிகள் வந்து விழுந்தன! யாரோ ஒரு வெள்ளைக்காரர் காசு கட்டுகிற கம்ப்யூட்டர் வள்ளுவரிடம் மழையைத் தேடுகிறது, சார்! 'அம்மா' என்று எழுதி எத்தனை பைட் என்று கேட்டேன், பதினைந்து என்றது. யூனிகோடில் அது அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி, யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆங்கில எழுத்தைவிட மூன்று மடங்கு இடம் பிடிக்கிறாள் அம்மா, பிடிக்கட்டும். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியை என் இடத்தில் நிறுவி, 'பதிப்பி' என்று தமிழிலேயே கட்டளை எழுதி ஓடவிட்டு, அரட்டை மண்டபத்தில் போய்ப் பீற்றிக்கொண்டேன். "இது என்ன மொழி, எழுத்து இவ்வளவு வட்டமாக இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான், விடியும்வரை நான் நிறுத்தவில்லை, அவர் எப்போது தூங்கப் போனார் என்று தெரியாது.

குறை இல்லையா என்றால், டெர்மினலில் தமிழ் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் அடுத்த வீட்டில் என்று சிதறும். எம்எல்டெர்ம் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது, அதனால் இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எப்போதாவது சர்வரைப் பராமரிப்புக்கு நிறுத்துவார்கள். நிறுத்தட்டுமே, தன்னார்வலர்களுக்கும் தூக்கம் வேண்டாமா?

யார் இவர்கள், எதற்கு இப்படிச் செய்கிறார்கள் என்று என் மாமியார்கூட ஒருநாள் கேட்டுவிட்டார். பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மாடவீதிக்கு வந்திருக்கிறீர்களா? வெயில் மண்டையைப் பிளக்கும், கபாலி தேருக்கு மறுநாள், நகர இடமிருக்காது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அண்டா அண்டாவாக நீர்மோர், பானகம், சாம்பார் சாதம். குடிக்கிறவன் எந்த ஊர், என்ன பேர் என்று யாராவது கேட்டதுண்டா? "நல்லா குடிங்க, இன்னொரு டம்ளர்" என்பார்கள். "அதே கைதான் அம்மா இது" என்றேன். மாமியாருக்கு டக்கென்று புரிந்துவிட்டது. பொறியியல் படித்தவர்களுக்குப் புரியவைக்கத்தான் நேரமாகிறது.

மோர்ப் பந்தலில் டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாதல்லவா, இங்கேயும் சில மரியாதை உண்டு. கிரிப்டோ நாணயம் தோண்டக் கூடாது, எரிதம் அனுப்பக் கூடாது, எல்லோருடைய மெமரியையும் விழுங்குகிற மாதிரி ஒரு நிரலை ஓடவிட்டுவிட்டுக் குறட்டை விடக் கூடாது. முடிந்தால் ஏதாவது கொடுக்கலாம். எஸ்.டி.எஃப்-பில் சும்மா சேர்ந்தாலே சில கட்டளைகள் கிடைக்கும், ஒரு டாலர் மாதிரிச் சின்னத் தொகை அனுப்பி நீங்கள் நிஜ ஆள்தான் என்று காட்டினால் இன்னும் திறப்பார்கள், 36 டாலர் ஒரே ஒரு தடவை கட்டினால் ஆயுள் உறுப்பினர். ஆயுளுக்கு! தி.நகரில் ஒரு பட்டுப்புடவை எடுக்கப் போய்ப் பார்க்கிங்குக்கும் ஜூஸுக்கும் ஆட்டோவுக்கும் அழுகிற காசைச் சேர்த்தால் கூடிய சீக்கிரம் கட்டிவிடலாம்.

இதைப் படித்துவிட்டு "நமக்கெல்லாம் எங்கே வரும்" என்று மூடிவைத்துவிடாதீர்கள். லினக்ஸ் தெரியாதா? கணியம் இதழ்க்காரர்கள் எளிய தமிழில் எழுதி இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டுமா? சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-லிருந்து இருக்கிறது, தேடிப் போய் நில்லுங்கள், கேட்காமலே கற்றுக்கொடுப்பார்கள். வீட்டில் பழைய லேப்டாப் போதும், ரிச்சி தெருவில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் போதும், கையிலிருக்கிற போனே போதும். இன்றைக்கு ராத்திரி எல்லோரும் தூங்கியதும் டெர்மினலைத் திறந்து, எஸ்எஸ்எச், ஒரு இடம் விட்டு, நியூ, அட் குறி, எஸ்டிஎஃப் டாட் ஓஆர்ஜி என்று ஆங்கிலத்தில் அடித்து என்டரைத் தட்டுங்கள். பெயர் என்ன வேண்டும் என்று கேட்கும். நல்ல தமிழ்ப் பெயராகக் கொடுங்கள், நிறைய இன்னும் யாரும் எடுக்காமல் கிடக்கின்றன.